பஸ் ஆப் முதல் மெட்ரோ கியூஆர் வரை: டிஜிட்டல் அணுகல்தன்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 'சென்னை பஸ்' ஆப் 2022-இல் வந்தது. மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கும் வசதி 2023-இல் வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆப் என்று 'சென்னை ஒன்' வந்தது. வீட்டுப் படியிறங்கும் முன்பே பயணத்தில் பாதி ஃபோனில் முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியை எல்லோராலும் முடிக்க முடிகிறதா என்பதுதான் இங்கே விஷயம்.

அணுகல்தன்மைச் சோதனை, அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் ஓர் ஆப்பைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலையில் இருப்பதால் போக்குவரத்து அதிகாரிகள், ஆப் எழுதும் கம்பெனிக்காரர்கள், பயணிகள் என்று மூன்று பக்கமிருந்தும் எனக்குக் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில். கீழே சொல்லும் குறைகள் பொதுவாகப் பல ஆப்களில் காண்பவை. எந்த ஒன்றையும் குறிவைத்துச் சொல்லவில்லை.

அணுகல்தன்மை என்றால் சாய்தளம், தாழ்தள பஸ் இதெல்லாம்தானே? ஆப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

2024-இல் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. நல்ல விஷயம். ஆனால் அந்தத் தடத்தில் வரும் எல்லா வண்டியும் தாழ்தளம் இல்லை. வீல்சேரில் காத்திருப்பவருக்கு அடுத்து வருவது எந்த வகை வண்டி என்று முன்னாலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவருக்கு அந்த பஸ் ஓடுவதும் ஒன்றுதான், ஓடாததும் ஒன்றுதான். அந்தத் தகவல் இருக்கும் இடம் ஃபோன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: 'எந்த வண்டி?' என்பதில் தொடங்கி 'ஏறியாச்சு' என்பது வரை, பக்கத்தில் நிற்பவரிடம் ஃபோனை நீட்டாமல் ஒருவர் போய்ச் சேர முடிய வேண்டும். தேடுவது, பணம் கட்டுவது, டிக்கெட்டைக் காட்டுவது, இறங்கும் இடம் அறிவது என்று நடுவில் எங்கே அறுந்தாலும் முன்னால் செய்த வேலையெல்லாம் வீண். முகப்புப் பக்கம் மட்டும் அருமையாக இருந்து, பணம் கட்டும் திரையில் மாட்டிக்கொள்ளும் ஆப்களே அதிகம்.

இது எத்தனை பேருக்காக?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இதைக் குறைவான கணக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2016-இல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு அவ்வளவு வகைகளைக் கேட்கவில்லை.

இதற்கு மேல், வெள்ளெழுத்து வந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள், ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் ஃபோனையும் பிடித்திருப்பவர்கள், உச்சி வெயிலில் திரை தெரியாமல் கண்ணைச் சுருக்குபவர்கள். இவர்களை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

பார்வையில்லாதவர் டச் ஸ்கிரீனை எப்படிப் பயன்படுத்துவார்?

ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர்கள், அதாவது திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்கள், ஃபோனிலேயே இருக்கின்றன. கம்ப்யூட்டரில் என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. விரலை வலப்பக்கம் இழுத்தால் அடுத்த உருப்படிக்குப் போகும், அதன் பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால் அழுத்தியதாகக் கணக்கு. பழகியவர்கள் நாம் கேட்டால் ஒன்றுமே புரியாத வேகத்தில் வைத்துக் கேட்பார்கள்.

சரி, சுமாரான ஒரு டிக்கெட் திரையில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதல் இழுப்பு: 'பெயரிடப்படாத பட்டன்'. இரண்டாவது: 'பெயரிடப்படாத பட்டன்'. ஒன்று மெனு, மற்றது மணிச் சின்னம். கண் உள்ளவருக்குப் படத்தைப் பார்த்தால் தெரியும், காதால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. அடுத்து 'புறப்படும் இடம், திருத்தும் பெட்டி'. பரவாயில்லை, நன்றாக இருக்கிறது. மூன்று எழுத்து தட்டியதும் கீழே பரிந்துரைகள் விழுகின்றன; அவை விழுந்த செய்தியே ஸ்கிரீன் ரீடருக்குப் போகவில்லை. எத்தனை டிக்கெட் என்ற இடத்தில் கூட்டல் குறி, கழித்தல் குறி. கூட்டலைத் தட்டினால் எண் 2 ஆகிறது, ஆனால் எதுவும் ஒலிப்பதில்லை. ஒன்றா, இரண்டா, மூன்றா என்று தெரியாமலேயே பணம் கட்டும் திரைக்குப் போகிறார்.

இதில் ஒவ்வொன்றையும் சரிசெய்ய டெவலப்பருக்கு ஆகும் வேலை கொஞ்சம்தான். பட்டனுக்குப் பெயர் கொடுப்பது ஒரு வரி. எண் மாறினால் அறிவிக்கச் சொல்வது இன்னொரு வரி. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

சட்டப்படி இது கட்டாயமா? 'செய்தால் நல்லது' என்ற ரகமா?

கட்டாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பத்துக்கு 42-ஆவது பிரிவு. சேவை தருவோருக்கு, அரசானாலும் தனியாரானாலும், 46-ஆவது பிரிவு. விதிகள் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேவைகளை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு எப்போது முடிந்தது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மீறினால் 89-ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளையும் அதிகாரிகள் அறிந்திருப்பது நல்லது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல்தன்மையை வெறும் வழிகாட்டுதலாக நிறுத்தியிருந்த விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. இந்த வழக்கு கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு சம்பந்தப்பட்டது: ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவரிடம் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேமரா கேட்டால் அவர் என்ன செய்வார்? பயண அட்டை, வாலட் எல்லாவற்றுக்கும் கேஒய்சி கேட்கும் காலத்தில் போக்குவரத்துத் துறை இதை 'வங்கிக்காரர்கள் பிரச்சினை' என்று ஒதுக்க முடியாது.

ஐரோப்பாவில் எல்லா பஸ் கம்பெனிக்கும் இது கட்டாயம் என்கிறார்களே?

ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விமானம், நீண்டதூர ரயில், பஸ், கப்பல் ஆகியவற்றுக்கு இணையதளம், ஆப், மின்டிக்கெட், பயணத் தகவல் எல்லாம் அதில் அடங்கும். நகர, புறநகர, வட்டாரப் போக்குவரத்துக்கு டிக்கெட் இயந்திரம் போன்ற சுயசேவைக் கருவிகளை மட்டுமே அது தொடுகிறது. நகராட்சிப் போக்குவரத்து நிறுவனங்களின் தளங்களையும் ஆப்களையும் பெரும்பாலும் 2016-ஆம் ஆண்டின் பொதுத்துறை இணைய அணுகல் உத்தரவு பார்த்துக்கொள்கிறது. அதன்படி ஒவ்வொரு தளமும் எது அணுகத்தக்கது, எது இன்னும் இல்லை என்று வெளிப்படையாக ஓர் அறிக்கை போட வேண்டும், புகார் சொல்ல வழியும் தர வேண்டும். நம்மூர்க் கழகங்கள் சட்டம் கேட்காமலே இதைக் காப்பியடிக்கலாம்.

எந்தத் தரநிலையைப் பின்பற்றுவது?

டெண்டரில் இப்படி எழுதுங்கள்: டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை. கூடவே ஐஎஸ் 17802. முதலாவது உலக அளவில் புழங்கும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல், 2023 அக்டோபரில் வந்த பதிப்பு; ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் ஏஏ நடு நிலை. இரண்டாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2021, 2022-இல் இரண்டு பாகமாக வெளியிட்டது. இணையதளத்தோடு நில்லாமல் மொபைல் ஆப், ஆவணங்கள், வன்பொருள் எல்லாவற்றையும் பார்ப்பது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலின் 3.0 பதிப்பு டபிள்யூசிஏஜி 2.1 ஏஏ கேட்கிறது. 2.2-ஐச் செய்தால் அதுவும் உள்ளே வந்துவிடும்.

தமிழில் மொழிபெயர்த்துவிட்டோம். போதாதா?

தமிழில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு இருக்கிறது.

முதலாவது, பக்கம் தமிழ் என்று நிரலில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறிக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே படிக்கப் பார்க்கும். பல குரல்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது; அந்த வரிகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் வாசிக்கும். '7.40... 29... 15' என்று மட்டும் கேட்டால் யாருக்கு என்ன புரியும்?

இரண்டாவது, பழைய எழுத்துரு. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தும் சில அலுவலகங்களில் சுற்றறிக்கைகளும் கால அட்டவணைகளும் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு ஆகி, அப்படியே பிடிஎஃப் ஆகி மேலேறுகின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். ஆனால் பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை ஸ்கிரீன் ரீடர் 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்றுதான் பார்க்கும். ஒரு முழு அட்டவணையை இப்படிக் கேட்டுப் பாருங்கள். தேடுபொறிக்கும் அது கிடைக்காது என்பது தனிக்கதை.

இதைவிட மோசம், அட்டவணையை அச்செடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றுவது. அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம். கையெழுத்து முக்கியம் என்றால் கோப்பில் இருக்கட்டும். பயணிக்கு எழுத்து வடிவில் ஓர் அட்டவணை போடுங்கள்.

மூன்றாவது, நீளம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமாக வரும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் தமிழ் பாதியில் வெட்டுப்படும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினால் இன்னும் மோசம். மெட்ரோ நிலையப் பெயர்களையே எடுங்கள். 2020-இல் சென்ட்ரல் நிலையத்துக்குப் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன்' என்றும், கோயம்பேடு பஸ் நிலைய மெட்ரோவுக்குப் 'புரட்சித் தலைவி டாக்டர் ஜெ.ஜெயலலிதா' என்றும் பெயர் வைத்தார்கள். பட்டியலில் இடம் போதாமல் வெட்டினால் இரண்டுமே 'புரட்சித் தலை...' என்று நிற்கும். எந்த நிலையத்துக்கு டிக்கெட் எடுக்கிறோம் என்று கண் நன்றாகத் தெரிபவருக்கே தெரியாது. பெயரை வெட்டாமல் அடுத்த வரிக்கு மடக்குங்கள். 'சென்ட்ரல்', 'கோயம்பேடு' என்று மக்கள் சொல்வதைத் தட்டினாலும் தேடலில் வரட்டும்.

நான்காவது, சுருக்கெழுத்து. 'தி.நகர்' என்பதில் உள்ள புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு நிறுத்திப் படிக்கும் குரல்கள் உண்டு. போக்குவரத்துத் தரவுக்கு உலகமெங்கும் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் நிறுத்தத்தின் பெயரோடு 'உரக்கப் படிக்க வேண்டிய பெயர்' என்றே தனிப் புலம் உண்டு. அதில் 'தியாகராய நகர்' என்று நிரப்பினால் முடிந்தது. நிரப்பத்தான் ஆளில்லை.

நேரலையில் பஸ் வரும் நேரம் காட்டுகிறோம். அதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

முப்பது விநாடிக்கு ஒருமுறை பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது என்று வையுங்கள். ஸ்கிரீன் ரீடரில் நான்காவது பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் இடம் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் திரையின் உச்சிக்குத் தாவிவிடும். மறுபடி முதலிலிருந்து. அதற்குள் அடுத்த புதுப்பிப்பு. இதற்கு நேர்மாறான தவறு, ஒவ்வொரு மாற்றத்தையும் உரக்க அறிவிப்பது. வரிசையிலுள்ள எல்லா பஸ்ஸின் நிமிடமும் மாறும்போதெல்லாம் ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும்.

நடுவழி: நிமிடம் மாறட்டும், இடம் தாவக் கூடாது. பயணி தேர்ந்தெடுத்த ஒரு பஸ்ஸுக்கு மட்டும், 'ஐந்து நிமிடத்தில் வரும்', 'வந்துவிட்டது' என்ற முக்கியக் கட்டங்களில் மட்டும் அறிவியுங்கள். வரைபடத்தில் ஊர்ந்து வரும் பஸ் படம் இருந்தால் அதே தகவல் எழுத்திலும் இருக்க வேண்டும். வரைபடம் மட்டும் என்றால் பார்வையில்லாதவருக்கு அந்த வசதியே இல்லை என்று பொருள்.

வண்ணங்கள்?

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் நீலத் தடம், பச்சைத் தடம். இரண்டாம் கட்டத்தில் ஊதா, ஆரஞ்சு, சிவப்பு சேர்கின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். கோட்டின் மேலேயே பெயரையோ எண்ணையோ எழுதிவிட்டால் சரி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். டிசைனர்களுக்குப் பிடித்த 777777 என்ற வண்ணக் குறியீடுள்ள சாம்பல் வெள்ளைமேல் 4.48-இல் தோற்கிறது, 767676 போட்டால் 4.54-இல் தேறிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கேப்சா, ஓடிபி, நேரக்கெடு எல்லாம் பாதுகாப்புக்காகத்தானே? அதை எப்படி எடுப்பது?

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரே வழி மட்டும் வைக்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை. கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டு என்பது பார்வையில்லாதவருக்கு மூடிய கதவு. ஒலிக் கேப்சா வைத்தால் காதும் கண்ணும் இரண்டும் குறைந்தவர் வெளியே நிற்கிறார். நினைவில் வைத்து எழுதுவதையோ புதிர் அவிழ்ப்பதையோ மட்டும் நம்பி உள்ளே விடாதே என்று டபிள்யூசிஏஜி 2.2 தனி விதியே சேர்த்திருக்கிறது. ஓடிபியை ஒட்டவிடாமல் தடுக்கும் பெட்டிகள், ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி வைத்து ஸ்கிரீன் ரீடரைத் திணறடிக்கும் வடிவங்கள், இரண்டையும் விட்டுவிடலாம்.

நேரக்கெடு விஷயத்தில் விதி தெளிவு: முடியும் முன் எச்சரிக்க வேண்டும், எளிதான ஒரு செயலால் நீட்டிக்க 20 விநாடியாவது தர வேண்டும். இருக்கை போன்றவற்றை எல்லையில்லாமல் பிடித்துவைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யுபிஐ ஆப்புக்குப் போய்ப் பின் எண் போட்டுத் திரும்பி வருவதற்குள் 'அமர்வு முடிந்தது' என்று முகப்புக்குத் தள்ளுகிற ஆப்களில் யாருடைய பாதுகாப்பு காக்கப்படுகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. பணம் போயிற்றா இல்லையா என்றும் அங்கே சொல்வதில்லை. ஸ்கிரீன் ரீடரிலோ, திரையைத் தொடாமல் ஓரிரு பொத்தான்களால் ஃபோனை இயக்கும் சுவிட்ச் கருவியிலோ இயக்குபவருக்கு ஒவ்வொரு படிக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதைக் கணக்கில் எடுத்து நேரம் வையுங்கள்.

கியூஆர் டிக்கெட் எல்லோருக்கும் எளிது என்றுதான் நினைத்தோம்?

எடுப்பது எளிது. காட்டுவதில்தான் சிக்கல். பார்வையில்லாத பலர் ஸ்கிரீன் ரீடரோடு திரையை முழுக்கக் கருப்பாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் திரை வெளிச்சம் தேவையில்லை. பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. டிக்கெட்டைத் திறந்து கேட்டில் வைத்தால், ஃபோன் 'கியூஆர் குறியீடு, படம்' என்று சொல்லும், கேட் திறக்காது. காவலாளி ஃபோனைப் பார்த்து 'ஆஃப் ஆகியிருக்கு சார்' என்பார். ஆப்பில் 'டிக்கெட்டைக் காட்ட திரையை இயக்குங்கள்' என்று ஒரு வரி ஒலித்தால் போதும், அவரே (ஐஃபோனில் என்றால் மூன்று விரலால் மூன்று முறை தட்டி) திரையைத் திறந்துகொள்வார்.

அப்புறம், கேட்டில் ஸ்கேனர் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக் கண்டுபிடிக்க ஒரு மேடோ விளிம்போ வேண்டும். கை நடுங்குபவருக்கு ஃபோனை அசையாமல் பிடிப்பதே பெரும்பாடு. தட்டினால் போதும் என்ற அட்டை இவர்களுக்கு எவ்வளவோ மேல். சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும் பஸ்ஸிலும் செல்கிறது. அதை கியூஆருக்குப் போட்டியாக நினைக்காமல் இரண்டையும் வைத்திருக்க வேண்டும்.

காது கேளாதவருக்கு ஆப்பில் என்ன பிரச்சினை? பார்த்துப் படித்துக்கொள்ளலாமே?

உதவி எண் மட்டும் இருந்து, சாட்டோ மின்னஞ்சலோ இல்லாவிட்டால் அவர் யாரிடம் பேசுவார்? பணம் திரும்ப வராத புகாருக்கு 'எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்' என்று பதில் வந்தால் என்ன செய்வார்? ரயில் கோளாறால் நின்றுவிடும்போது ஒலிபெருக்கி அறிவிப்பு மட்டும் வருகிறது என்று வையுங்கள். அதே நொடியில் அதே சேதி ஆப்பிலும் நடைமேடைத் திரையிலும் எழுத்தாக வர வேண்டும். 2023 முதல் சென்னையின் பல பஸ்களில் அடுத்த நிறுத்தம் ஒலியாக அறிவிக்கப்படுகிறது; அது பார்வையில்லாதவருக்குப் பெரிய விடுதலை. காது கேளாதவருக்கு அந்த வேலையை ஆப்பின் அதிர்வு அறிவிப்பு செய்யலாம்.

பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது. நீண்ட வாக்கியத்தில் கட்டண விதி எழுதினால் அவர்களுக்குப் புரியாது. (நமக்கும்தான்.) முக்கியமான நடைமுறைகளுக்கு இந்தியச் சைகைமொழியில் சிறு வீடியோ போடலாம்.

வீல்சேர் பயணிக்கு ஆப்பில் என்ன காட்ட வேண்டும்?

லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதை. 'இந்த நிலையத்தில் லிஃப்ட் உண்டு' என்பது பழைய தகவல். இன்று காலை அது ஓடுகிறதா என்பதுதான் தேவை. நியூயார்க் சப்வே எந்த லிஃப்ட் பழுது என்பதை இணையத்தில் போடுகிறது. லண்டன் படியில்லாப் பாதைகளுக்கென்றே தனி வரைபடம் வெளியிடுகிறது. முன்பு சொன்ன ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் நிறுத்தத்தில் வீல்சேரில் ஏற முடியுமா, இந்த வண்டியில் இடம் உண்டா, நிலையத்துக்குள் எந்தப் பாதையில் படிக்கட்டு, எதில் லிஃப்ட் என்பதற்கெல்லாம் இடம் இருக்கிறது. அதை நிரப்பித் திறந்த தரவாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டால் கூகுள் மேப்ஸ் முதல் கல்லூரி மாணவர் எழுதும் ஆப் வரை எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். டெல்லி 2018-லேயே திறந்த போக்குவரத்துத் தரவைத் தொடங்கிவிட்டது.

மூலையில் ஒரு வீல்சேர் படம் வைத்து 'அணுகல்தன்மை விட்ஜெட்' என்ற ஒட்டுக் கருவியைப் போட்டால் போதும் என்று ஒரு கம்பெனி சொல்கிறதே?

வேண்டாம். ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் கீழே வாளி வைக்கிற வேலை அது. பெயரில்லாத பட்டனுக்கு அந்த விட்ஜெட் சரியான பெயரைக் கண்டுபிடித்துத் தர முடியாது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஃபோனிலேயே இருக்கிறது. பல நேரம் பயணியின் சொந்த ஸ்கிரீன் ரீடரோடு மோதி இருந்ததையும் கெடுக்கும். இப்படி ஒரு கருவி விற்ற ஆக்சஸிபி நிறுவனம், தன் கருவி எந்தத் தளத்தையும் தரநிலைக்கு ஏற்றதாக்கும் என்று சொன்னது ஏமாற்று என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்டச் செய்தது.

எப்படிச் சோதிப்பது? டெண்டரில் என்ன எழுதுவது?

தானியங்கிக் கருவிகளை முதலில் ஓட்டுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கம் 'படம்1' என்று இருந்தாலும் தேர்ச்சி கொடுத்துவிடும்.

டெண்டரில் 'எல்லாப் பக்கங்களும் தரநிலைக்கு இணங்க வேண்டும்' என்ற ஒரே வரியை எழுதினால் கம்பெனிக்காரர் ஒரு சான்றிதழை நீட்டுவார். அதற்குப் பதில் வேலைகளாக எழுதுங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி எப்போது வரும் என்று கண்டுபிடிப்பது. இரண்டு டிக்கெட் எடுத்துப் பணம் கட்டுவது. பணம் போய் டிக்கெட் வராதபோது புகார் கொடுப்பது. தாழ்தள வண்டியைத் தேடுவது. இவற்றை டாக்பேக் பயனர், காது கேளாதவர், எழுத்தை இரு மடங்காக்கியவர், கை இயக்கம் குறைந்தவர் ஆகியோர் வெளியுதவி இல்லாமல் முடித்தால்தான் கடைசித் தவணை என்று எழுதுங்கள். சோதிக்க வருபவர்களுக்குக் கூலி கொடுங்கள். அவர்கள் நிபுணத்துவத்தை இலவசமாகக் கேட்பது அநியாயம். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் இது திரும்ப நடக்க வேண்டும். ஒரு ஞாயிறு இரவு வெளியாகும் அப்டேட்டில் எல்லா பட்டன் பெயரும் காணாமல் போவது சாதாரணம்.

ஆப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பணமும் இல்லை. எங்கே தொடங்குவது?

டிக்கெட் வாங்கும் பாதை. முதலில் அது மட்டும். அடுத்து பஸ் வரும் நேரம், பிறகு புகார்ப் படிவம். கழகத்தின் வரலாறு, அமைச்சர் படத்தொகுப்பு எல்லாம் கடைசியில் வரலாம்.

எல்லாம் ஃபோனில் வந்தபிறகு கவுன்ட்டர் எதற்கு?

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஃபோனே இல்லாதவர், சார்ஜ் தீர்ந்தவர், ஃபோன் வைத்துக்கொள்ள விரும்பாதவர் இருப்பார்கள். கவுன்ட்டரையும் கண்டக்டரையும் எடுத்துவிட்டு ஆப்பை அணுகத்தக்கதாக்கினோம் என்று சொன்னால் அதை நான் முன்னேற்றமாக எண்ண மாட்டேன். ஆப்பில் மட்டும் தள்ளுபடி கொடுப்பதும் இதே வகைதான்: ஆப்பை இயக்க முடியாதவர் கூடுதல் கட்டணம் கட்டுகிறார்.

நான் பயணி. ஆப் வேலை செய்யவில்லை என்று யாரிடம் சொல்வது?

முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். 'ஆப் சரியில்லை' என்று எழுதினால் 'சரிபார்க்கிறோம்' என்று பதில் வரும், அவ்வளவுதான். என்ன ஃபோன், ஆண்ட்ராய்டா ஐஓஎஸ்ஸா, ஆப்பின் பதிப்பு எண், எந்த ஸ்கிரீன் ரீடர், எந்தத் திரையில் எந்த இடத்தில் நின்றது, அப்போது ஃபோன் என்ன சொன்னது என்று எழுதுங்கள். ஸ்கிரீன் ரீடர் குரலோடு திரையைப் பதிவுசெய்து ஒரு சிறு வீடியோ இணைத்தால் டெவலப்பர் தட்டிக்கழிக்க முடியாது. பின் எண் போடும் இடத்துக்கு முன் பதிவை நிறுத்திவிடுங்கள்.

பதில் இல்லையா? மாநில அரசு நிறுவனம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், ரயில்வே போன்ற மத்திய நிறுவனம் என்றால் தலைமை ஆணையரிடமும் 2016 சட்டத்தின்கீழ் புகார் தரலாம். வக்கீல் வேண்டியதில்லை. மேலே சொன்ன 42, 46 பிரிவுகளைக் குறிப்பிட்டு, நிறுவனத்துக்கு முதலில் எழுதிய மின்னஞ்சலின் நகலைத் தேதியோடு இணைத்து அனுப்புங்கள்.